எலும்பும் எழுத்தும் தந்த ஊர்

குரோவாசியா என்றதும் நம் விடுதி நண்பர்களுக்கு நினைவில் எழுவது கால்பந்து ஒன்றுதான். 2018ஆம் ஆண்டு உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை வந்து பிரான்சிடம் தோற்ற அந்தச் சிவப்பு வெள்ளைக் கட்டச் சட்டைக்காரரை யார் மறப்பார்? சுற்றுலா விளம்பரங்களைப் படிப்பவரானால் அத்ரியாட்டிக் கடலையும் துப்ரொவ்னிக் நகரின் மதில்களையும் சேர்த்துச் சொல்வர். நான் சொல்லவந்த ஊரில் கடலும் இல்லை, பெருமதிலும் இல்லை. நாட்டின் வடக்கே, தலைநகராகிய சாக்ரெபிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், குன்றுகளுக்கிடையே ஓடும் கிராப்பினிசா என்னும் சிற்றாற்றின் கரையில் அது கிடக்கிறது. பெயர் கிராப்பினா. சுற்றியுள்ள சிற்றூர்களையும் கூட்டிக்கொண்டாலும் மக்கள்தொகை 12,000ஐ எட்டாது. நம் பல்கலைக்கழகத்து மாணவர் கூட்டம் இதனினும் பெரிது!

இவ்வளவு சிறிய ஊரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். நான் மானிடவியல் பயிலும் மாணவன். எங்கள் ஆய்வுக்கூடத்து அலமாரியில் ஒரு மண்டையோட்டின் வார்ப்பு இருக்கிறது. புருவமேடு தடித்து, நெற்றி பின்சாய்ந்து, கீழ்த்தாடை இன்றி நிற்கும் அதன் அடியில் 'கிராப்பினா' என்று சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஈராண்டாக நாள்தோறும் பார்த்துப் பழகிய முகம் அது. முகம் பழகினால் ஊரை விசாரிப்பது தமிழர் வழக்கமன்றோ? நேரில் சென்றதில்லை, உதவித்தொகை அவ்வளவு தாராளமானதும் அன்று. நூல்களிலும் ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் விசாரித்து அறிந்ததையே இங்கே எழுதுகிறேன்.

அவ்வூரார் தம் பழமையைச் சொல்லும்போது ஒரு கதையிலிருந்து தொடங்குவர். முன்னொரு காலத்தில் கிராப்பினாவின் மூன்று குன்றுகளில் மூன்று கோட்டைகள் இருந்தனவாம். செஹ், லெஹ், மெஹ் என்னும் உடன்பிறந்தார் மூவர் அவற்றை ஆண்டனர். உரோமரின் ஆட்சியை எதிர்த்து அவர்கள் சூழ்ச்சி செய்ய, உரோமத் தலைவன்மேல் காதல் கொண்ட தங்கை விலினா அதனை வெளிப்படுத்திவிட்டாள். சினந்த அண்ணன்மார் அவளைக் கோட்டைச் சுவருக்குள் உயிரோடு வைத்துக் கட்டிவிட்டு வடக்கே ஓடினர். ஒருவன் வழியில் செக் இனமும், ஒருவன் வழியில் போலிஷ் இனமும், ஒருவன் வழியில் உருசிய இனமும் தோன்றின என்பது கதை. வரலாற்றறிஞர் இதனை ஒப்புவதில்லை. ஊரின் பெயர் ஆவணத்தில் முதன்முதல் காணப்படுவதே 1193ஆம் ஆண்டில்தான். மூன்று பேரினங்களைப் பெற்றுத் தந்த பெருமையை ஊருக்கு அளித்த கதை, தங்கைக்கு ஒரு சுவரைத்தான் அளித்தது என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே செல்கிறேன்.

கதை சொன்ன மூன்று குன்றுகள் இருக்கட்டும். நான்காவதாக ஒரு குன்று, கதையில் இடம்பெறாதது, ஊரின் ஓரத்தில் நின்றது. ஹுஷ்னியாக்கொவோ என்பது அதன் பெயர். மணற்கல் குன்று. அதன் சரிவில் ஊரார் மணல் வெட்டி எடுத்துவந்தனர். வெட்டும்போது பெருவிலங்குகளின் எலும்புகள் வந்தன. அவற்றைத் தூக்கி எறியாமல் சாக்ரெபுக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே தேசிய அருங்காட்சியகத்தில் நிலவியல் பிரிவின் தலைவராகவும் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் இருந்தவர் திராகுத்தின் கொர்யானொவிச் கிராம்பெர்கர். பிறப்பில் கிராம்பெர்கர் என்ற ஜெர்மானியப் பெயரினர். கொர்யானொவிச் என்ற குரோவாசியப் பெயரைத் தாமே விரும்பிச் சேர்த்துக்கொண்டவர். 1899ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் அவர் அந்தக் குன்றைக் காண வந்தார். மண் அடுக்குகளில் நெருப்பு மூட்டிய கரியும், உடைத்துச் செய்த கற்கருவிகளும், அவற்றோடு ஒரு மனிதக் கடைவாய்ப் பல்லும் அவர் கண்ணில் பட்டன. மணல் எடுப்பது நின்றது. அகழ்வு தொடங்கியது, 1905 வரை நடந்தது. களத்தில் நின்று நாள்தோறும் வேலையைக் கவனித்தவர் ஸ்தியெப்பான் ஓஸ்தெர்மான் என்னும் உதவியாளர். உதவியாளர் பெயரையும் சொல்லிவிடுவது ஆய்வு மாணவரின் சாதி வழக்கம்!

அங்கே கிடைத்தது என்ன? நியாண்டர்தால் மாந்தர் என்று நாம் இன்று அழைக்கும் பழம்மாந்தரின் எலும்புத் துண்டுகள் ஏறத்தாழ 900. ஒருவர் இருவருடையவை அல்ல, பல டசின் பேருடையவை. குழந்தையும் உண்டு, இளைஞரும் உண்டு, முதிர்ந்தவரும் உண்டு. இந்த எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

நியாண்டர்தால் எலும்பு ஜெர்மனியில் அப்பெயர்கொண்ட பள்ளத்தாக்கில் 1856ஆம் ஆண்டே கிடைத்துவிட்டது. ஆனால் பெருமருத்துவ அறிஞர் விர்ஷோ அதைப் பார்த்துவிட்டு, நோயால் வடிவு கெட்ட நம் போன்ற ஒருவனின் எலும்பே அது என்றார். ஒரே ஓர் ஆளின் எலும்பை வைத்துக்கொண்டு அப்பேரறிஞரை மறுப்பது எளிதன்று. ஒருவனுக்கு நோய் இருக்கலாம். ஓர் ஊருக்கே, பச்சைக் குழந்தை முதல் பெரியவர் வரை, ஒரே புருவமேடும் ஒரே தாடையமைப்பும் நோயால் வருமா? கிராப்பினாவின் எலும்புகள் அந்த ஐயத்தை நசுக்கிவிட்டன.

அடுத்த கேள்வி, இவ்வெலும்புகள் உண்மையில் பழையவையா, பின்னாளில் புதைக்கப்பட்டவையா என்பது. கொர்யானொவிச் இங்கே வேதியியலைத் துணைக்கு அழைத்தார். மண்ணுக்குள் கிடக்கும் எலும்பு, நிலத்தடி நீரில் உள்ள புளோரினைச் சிறிது சிறிதாக உறிஞ்சும். ஒரே இடத்தில் ஒரே காலம் கிடந்த எலும்புகளில் அதன் அளவு ஏறத்தாழ ஒத்திருக்கும். மனித எலும்பையும் அதனோடு கிடந்த, இன்று உலகில் இல்லாமற்போன காண்டாமிருகத்தின் எலும்பையும் ஒப்பிட்டு இரண்டும் ஒரே காலத்தவை என்று காட்டினார். உராண்ட்கென் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895இல். சில ஆண்டுகளுக்குள்ளேயே இவர் அக்கதிரை இத்தாடைகளின் மேல் செலுத்திப் பல்வேர்களைப் படம் எடுத்துவிட்டார். 1906ஆம் ஆண்டு ஜெர்மன் மொழியில் அவர் வெளியிட்ட பெருநூல் இத்துறையினர் இன்றும் புரட்டும் நூலாகும்.

ஆயினும் எனக்கு அவர்பால் மதிப்பு மிகுந்தது இக்காரணங்களால் அன்று. அவர் எதையும் எறியவில்லை. அக்காலத்து அகழ்வாளர் பலர் அழகிய மண்டையோட்டை மட்டும் பொறுக்கிக்கொண்டு உடைசலை மண்ணோடு தள்ளிவிடுவர். இவரோ விரல் நுனியளவு துண்டையும், விலங்கெலும்பையும், கற்சில்லையும் சேர்த்துவைத்தார். மண்ணை ஒன்பது அடுக்குகளாகப் பிரித்து, இன்ன துண்டு இன்ன அடுக்கினது என்ற குறிப்பையும் விட்டுச்சென்றார். அவர் மறைந்தது 1936இல். அதன் பிறகு அப்பெட்டிகளிலிருந்து எத்தனை செய்திகள் புறப்பட்டுள்ளன, பாருங்கள்.

காலம் எவ்வளவு என்று அவரால் ஆண்டுக் கணக்கில் சொல்ல இயலவில்லை. பல்லின் எனாமல் மண்ணிலிருந்து வரும் கதிர்வீச்சை இடைவிடாது ஏற்று, எலெக்ட்ரான்களைத் தன்னுள் சிறைப்படுத்திக்கொண்டே இருக்கும். சிறைப்பட்டவற்றை எண்ணினால் எத்தனை காலம் மண்ணில் கிடந்தது என்று கணக்கிடலாம். 1995ஆம் ஆண்டு இம்முறையால் வந்த விடை ஏறத்தாழ 1,30,000 ஆண்டுகள்.

2013இல் ஒரு விலா எலும்புத் துண்டில் கட்டி ஒன்று இருந்தது கண்டறியப்பட்டது. மனித இனத்தில் அறியப்பட்ட மிகப் பழைய கட்டிகளில் அது ஒன்று. அதே ஆண்டில் சாக்ரெப் அருங்காட்சியகத்தில் இத்தொகுதியின் பொறுப்பேற்ற தாவொர்க்கா ராதொவ்சிச் என்னும் பெண்மணி, விலங்கெலும்புகளிடையே கிடந்த கழுகு நகங்களை எடுத்துப் பார்த்தார். நூறாண்டுக்கு மேலாக அவை பெட்டியிலே கிடந்தன. வெண்வால் கழுகின் நகங்கள் எட்டு. குறைந்தது மூன்று பறவைகளுடையவை. உருப்பெருக்கியில் பார்த்தபோது வெட்டிய கோடுகளும், ஒன்றோடொன்று உரசித் தேய்ந்த பளபளப்பும் தெரிந்தன. கோத்து அணிந்த அணிகலன் இது என்று அவரும் தோழரும் 2015இல் எழுதினார்கள். நம் போன்ற மாந்தர் ஐரோப்பாவில் கால்வைப்பதற்குப் பல பத்தாயிரம் ஆண்டுகள் முன்பே, அறிவில் மந்தமானவர் என்று நாம் ஏளனம் செய்துவந்த ஓர் இனத்தார் கழுகின் உகிரைக் கழுத்திலோ கையிலோ அணிந்திருந்தனர். குழந்தைக்குப் புலிநகம் கட்டும் நம் பாட்டிமாருக்கு இச்செய்தி சற்றும் வியப்பளிக்காது.

எல்லாம் முடிந்த முடிபு என்று நினைத்துவிட வேண்டா. எலும்புகள் பெரும்பாலும் உடைந்து கிடந்ததையும் சில தீயில் கருகியிருந்ததையும் கண்டு, இவர்கள் தம்மினத்தாரைத் தாமே உண்டவர்கள் என்றார் கொர்யானொவிச். பத்திரிகைகளுக்கு இனித்த செய்தி இது. பிற்காலத்தார் மறுத்தனர். குகைக்கூரை இடிந்து விழுந்தாலும் எலும்பு நொறுங்கும். 1987இல் மேரி ரஸ்ஸல் என்னும் ஆய்வாளர், இங்குள்ள வெட்டுக்கோடுகள் இறைச்சி அறுத்த கோடுகளைவிட, இறந்தோரின் எலும்பைத் துப்புரவு செய்து மறுமுறை அடக்கம் செய்வோர் விடும் கோடுகளையே ஒத்தன என்று காட்டினார். எங்கள் அலமாரி முகத்தின் நெற்றியிலேயே, அசலில், இணையிணையாய் 35 கோடுகள் உண்டு. உணவுக்காக நெற்றியில் இப்படி வரிசையாக யாரும் கீறமாட்டார்கள். ஏதோ ஒரு சடங்கு என்கின்றனர். என்ன சடங்கு என்று கேட்டால் எலும்பு பேசாது. எனக்கு இரண்டாம் கட்சியே பொருத்தமாகப் படுகிறது. எங்கள் வகுப்பிலோ இன்னும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

தொன்மை பேசுவதில் நம் சங்கத்தார் யாருக்கும் இளைத்தவரல்லர். மேடையேறினால் ஆயிரமாயிரம் ஆண்டுகளைச் சுண்டுவிரலால் தள்ளிவிடுவோம். பேசுவதில் தவறில்லை. ஆனால் அவ்வூராருக்கு மூன்று பேரினங்களின் தாயகம் என்ற கதை கையிலிருந்தும், உலகம் அவர்களைத் தேடி வருவது மணல் வெட்டியபோது வந்த எலும்பை எறியாமல் அனுப்பினார்களே, அதற்காகத்தான்.

இவ்வெலும்புக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்பாருக்கு ஒரு விடை உண்டு. வட குரோவாசியாவிலேயே வராஜ்தின் நகருக்கு மேற்கே விந்தியா என்றொரு குகை இருக்கிறது. விந்தியம் என்று படித்துவிடாதீர்கள். நம் மலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்கே கிடைத்த நியாண்டர்தால் எலும்புகள் கிராப்பினாவினும் இளையவை. ஆகவே அவற்றில் மரபணு எஞ்சியிருந்தது. அவ்வெலும்புகள் மூன்றிலிருந்து ஸ்வாந்தே பாபோவும் குழுவினரும் நியாண்டர்தால் மரபுத்தொகுதியை முதன்முதலாகப் படித்து 2010இல் வெளியிட்டார்கள். 2022ஆம் ஆண்டு நோபெல் பரிசு பாபோவுக்குக் கிடைத்தது இத்துறைப் பணிக்காகவே. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்கள் அனைவரிடத்தும், தமிழர் உட்பட, ஏறத்தாழ 2 விழுக்காடு நியாண்டர்தால் மரபு கலந்துள்ளது என்பது தெரியவந்தது.

இது வெறும் பழங்கணக்கன்று. கொரோனாப் பெருநோயின்போது, நோயைக் கடுமையாக்கும் ஒரு மரபணுப் பகுதி மூன்றாம் குரோமோசோமில் அடையாளம் காணப்பட்டது. அது நியாண்டர்தாலிடமிருந்து வந்தது என்றும், விந்தியாக் குகை எலும்பில் உள்ள வடிவத்தையே மிகவும் ஒத்தது என்றும் 2020இல் செபெர்கும் பாபோவும் காட்டினார்கள். ஐரோப்பியரில் அதனை உடையோர் 16 விழுக்காடு. தெற்காசியரிலோ ஏறத்தாழப் பாதிப்பேர்! மறு ஆண்டு அவர்களே, நோயைத் தணிக்கும் வேறொரு பகுதியும் நியாண்டர்தால் கொடைதான் என்று கண்டனர். முன்னோர் விட்ட சொத்தில் கடனும் உண்டு, காணியும் உண்டு.

எலும்பை விட்டு எழுத்துக்கு வருவோம். கொர்யானொவிச் இவ்வூருக்கு வருவதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் முன்னே, 1809ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், கிராப்பினாவில் மருந்துக்கடைக்காரர் ஒருவரின் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் லியூதெவித் காய். (கானம் என்பதில் வரும் ககரம்போல் ஒலித்தல் வேண்டும், காயும் கனியும் அன்று.) தாயும் தந்தையும் வேற்றிடத்து வழியினர், வீட்டில் பேசியது ஜெர்மன். பதினேழு வயதில் கிராப்பினாவின் கோட்டைகளைப் பற்றி அவர் எழுதி அச்சிட்ட சிறுநூலும் ஜெர்மனில்தான் வந்தது. இளமையில் அவர் கேட்டு வளர்ந்தது மேலே நான் சொன்ன அந்த மூவர் கதையை.

வேற்று மண்ணில் பிழைக்க வந்த குடும்பத்தில் பிறந்து, வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி என்று இருபத்துமூன்று ஆண்டுகளை ஓட்டியவன் நான். ஆதலால் இவர் வாழ்க்கை எனக்குச் சற்று நெருக்கமாகத் தோன்றுகிறது. ஆனால் நான் வீட்டுமொழியைக் காக்கவே திணறுகிறேன். அவர் வீதிமொழியைத் தம் மொழியாக ஏற்று, அதற்கு எழுத்தையே திருத்திக் கொடுத்துவிட்டார்!

அன்றைய நிலை என்னவெனில், குரோவாசிய நாட்டவையில் நடந்த பேச்சு இலத்தீனில். வியன்னாவின் அரசு ஜெர்மனைத் திணித்தது. பெஸ்டின் தலைவர்கள் ஹங்கேரிய மொழியைத் திணிக்க முயன்றனர். மக்கள் மொழி எழுதப்பட்டது உண்டு. ஆனால் வடக்கே ஹங்கேரிய வழக்கில், கடற்கரையில் இத்தாலிய வழக்கில், ஒரே ஒலிக்கு இடத்துக்கொரு கூட்டெழுத்து. உரோமன் எழுத்தில் இல்லாத ஒலியை எப்படி எழுதுவது என்னும் தொல்லை நமக்கும் தெரிந்ததுதானே. நம் பெயரிலுள்ள ழகரம் பல்கலைக்கழகப் பதிவேட்டில் படும்பாட்டை, பெயரில் 'எழில்' உடைய நம் சங்கத்துத் தோழியரைக் கேட்டால் சொல்வார்கள்.

1830ஆம் ஆண்டு, இருபத்தொரு வயதில், காய் புடா நகரில் ஒரு சிறு நூலை அச்சிட்டார். குரோவாசிய எழுத்துமுறைக்குச் சுருக்கமான அடிப்படை என்பது அதன் பொருள். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்பது அதன் கொள்கை. செக் மொழியாளர் கையாண்டுவந்ததைப் பின்பற்றி, உரோமன் எழுத்தின் தலையில் சிறு குறியிட்டு, 'ச்', 'ஷ்', பிறகு ஆங்கில 'மெஷர்' என்னும் சொல்லின் நடுவே வரும் ஒலி ஆகியவற்றுக்குத் தனித்தனி எழுத்து அமைத்தார். 1835இல் செய்தித்தாளும் அதனோடு இலக்கிய இணைப்பும் தொடங்கினார். நாடெங்கும் இளைஞர் அதனைச் சுற்றித் திரண்டனர். அடுத்த ஆண்டு தாளின் மொழியிலும் எழுத்திலும் புதுமுறையைப் புகுத்தினார். 1847இல் நாட்டவை இலத்தீனை விடுத்துக் குரோவாசிய மொழியை ஆட்சிமொழியாக்கிற்று. இன்று குரோவாசிய மொழியும் அண்டை நாட்டு ஸ்லொவேனிய மொழியும் அவர் வகுத்த நெறியில்தான் எழுதப்படுகின்றன. காயின் செல்வாக்கு 1848க்குப் பின் மங்கிப்போயிற்று. 1872இல் சாக்ரெபில் மறைந்தார்.

இதில் அவருடைய ஊர் இழந்தது ஒன்றுண்டு. குரோவாசிய மொழிக்குப் பெருவழக்குகள் மூன்று. 'என்ன' என்பதற்கு ஒருவர் 'கய்' என்பார், ஒருவர் 'ச்சா' என்பார், ஒருவர் 'ஷ்தோ' என்பார்; அச்சொல்லாலேயே அவ்வழக்குகளுக்குப் பெயர். கிராப்பினாவும் சுற்றியுள்ள சாகோர்யே மலைநாடும் பேசுவது 'கய்' வழக்கு. அதற்குப் பல நூற்றாண்டு ஏட்டிலக்கியமும் இருந்தது. காய் அதனையே பொதுமொழியாக்கியிருக்கலாம். ஆனால் வடக்குக்கு வெளியே அது செல்லாது. தென்னவரும் கிழக்கிலுள்ளோரும் பரவலாகப் பேசிய 'ஷ்தோ' வழக்கையே அவர் தேர்ந்தார். பொதுமொழி உருவானது, அவர் ஊரார் பேச்சு வீட்டுத் திண்ணைக்குத் திரும்பியது. செய்யத்தக்கதையே செய்தார் என்று நான் நினைக்கிறேன். நெல்லைத் தமிழை விட்டு வேறொன்று பேசாத என் பாட்டி இதை ஒப்பமாட்டார்.

இன்று அவ்வூருக்குச் செல்வோர் காண்பவை சில சொல்கிறேன். காய் பிறந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. இவான் ரெந்திச் வடித்த அவர் சிலையும் ஊரில் நிற்கிறது. பழங்கோட்டையின் எஞ்சிய பகுதி உண்டு. திர்ஷ்கி வெர்ஹ் குன்றின் மேல் பதினெட்டாம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று, உட்புறம் முழுதும் ஓவியமும் செதுக்கலுமாக, எருசலேமிலிருந்து வந்த அன்னையின் சிறுசிலைக்காக எழுப்பப்பட்டது. பாலாடைக்கட்டி பொதிந்த 'ஷ்த்ருக்லி' என்னும் பண்டம் அப்பகுதியின் பெருமை. ஹுஷ்னியாக்கொவோக் குன்றின் அருகே 2010இல் நியாண்டர்தால் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஜெலிக்கோ கொவாச்சிச் என்னும் கட்டடக் கலைஞரும் யாக்கொவ் ராதொவ்சிச் என்னும் எலும்பியல் அறிஞரும் சேர்ந்து அமைத்தது அது. குகைக்குள் நுழைவதுபோல் நுழைந்து, உலகம் தோன்றியது முதல் நடந்து வர வேண்டுமாம். அசல் எலும்புகள் சாக்ரெபில் காப்பில் உள்ளன.

அன்றியும் 1966 முதல் கிராப்பினாவில் ஒரு பாட்டு விழா நடந்துவருகிறது. 'கய்' வழக்கில் இயற்றிய பாட்டுகளுக்கென்றே அமைந்த விழா அது. பொதுமொழியை நாட்டுக்குத் தந்த காய் பிறந்த ஊரில், அவர் ஒதுக்கிவைத்த பேச்சில், புதுப் பாட்டுகள் பாடப்படுகின்றன.